ஆயுள்மணியும் ஒரு கிண்ணம் கீரையும்

கடலூர் முதுநகர்
19-5-2025

சௌந்தரத்துக்கு, உன் அண்ணி பட்டம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. பண்ருட்டிக் கல்யாணத்தில் பந்தி நடுவே நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அண்ணன் வாயில என்னத்த போடுறீங்க அண்ணி?" விஷம் வைக்கிறவளைக் கேட்கிற மாதிரி கேட்டாய். பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

போட்டது ஆயுள்மணி, ஆயுளைக் கூட்டுகிற சத்துக் காப்ஸ்யூல். ஊரறியப் போட்டேன். மாசி மாசத்திலிருந்து காலையில் ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இந்தத் தெருவில் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள், நான் சொல்லித்தான். போன மாதம் மஞ்சக்குப்பம் கல்யாண மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். பேத்தி வினோதினி அந்தப் போட்டோவைத் தாத்தா போனில் ஸ்டேட்டஸாக வைத்தாள். நீயும் பார்த்திருப்பாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கமாட்டேன். வீட்டுக்கு இருப்பது ஒரு போன், அது உன் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது. காது மந்தமான பிறகு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். நாம் கத்திக்கொண்டால் அவரும் கேட்பார், எதிர்வீட்டு ராஜாமணியும் கேட்பாள். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றின மனுஷன் அதையெல்லாம் கேட்கவேண்டாம். சொல்ல இருந்தால் எழுது. எங்கள் தெரு லூர்துசாமி சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிறார். உன் மருந்துக்கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரம்தானே.

நான் அஞ்சாம் வகுப்பு. நீ மருந்துக்கே படித்தவள். ஆனால் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உன் அண்ணனை வைத்துக் காப்பாற்றுகிறவள் யார் என்று யோசித்துவிட்டுப் பேனாவை எடு.

பட்டம்மாள்


சிதம்பரம்
22-5-2025

அன்புள்ள அண்ணிக்கு,

பந்தியில் கேட்டது தப்பு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்ட கேள்வி தப்பு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

அண்ணனைக் காப்பாற்றுகிறவர் நீங்கள்தான். அதை என்னைவிட யார் பார்த்தது? ஆபரேஷன் முடிந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று முருங்கைக்கீரையை வதக்கிக் குவித்து வைத்தேன். எல்லார் முன்னாலும் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாதிக் கீரையை வழித்துப் போட்டுவிட்டுக் கொண்டுவந்து வைத்தீர்கள். அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். ஆனால் நீங்கள் செய்தது சரி. அண்ணன் சாப்பிடுவது ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை. கீரை ஒருநாள் ஜாஸ்தி, ஒருநாள் கம்மி என்று போனால் மாத்திரையின் வேலை கெடும். அதனால்தானே அந்த எவர்சில்வர் கிண்ணத்தால் அளந்து போடுகிறீர்கள்.

கீரைக்கே கிண்ணம் வைத்தவர், டப்பாவில் வருவதை என்ன என்று பார்க்காமல் எப்படிப் போட்டீர்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆயுள் கூடும் என்கிறார்களே, யார் சாப்பிட்டு யாருக்குக் கூடியது? சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? சொன்னவருக்கு அதை விற்பதில் லாபம் இருக்கிறதா? இவ்வளவுதான் கேட்கிறேன். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை வினோதினியிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். அண்ணனுக்குக் கடைசியாக ரத்தம் பார்த்ததில் என்ன வந்தது என்பதையும் எழுதுங்கள்.

சௌந்தரம்


கடலூர் முதுநகர்
27-5-2025

சௌந்தரத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரசம் கொதித்து வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தைச் சொல்லிக் குத்திவிட்டாய். நன்றாய்த்தான் தெரிந்து வைத்திருக்கிறாய் எங்கே குத்தவேண்டும் என்று.

யார் சாப்பிட்டு யாருக்கு ஆச்சு என்று கேட்டாய். மஞ்சக்குப்பத்து மேடையில் வரிசையாக ஏறிச் சொன்னார்கள். ஒருத்தருக்கு மூட்டுவலி போனது, ஒருத்தருக்குத் தலைசுற்றல் நின்றது. எல்லாரும் நம்மைப்போல சனங்கள்தான், கோட்டுப் போட்டவர்கள் இல்லை. கோட்டுப் போட்டவன் ஒருத்தன் திரையில் எலியைக் காட்டினான். மருந்து தின்ற எலி தின்னாத எலியைவிட ரொம்ப நாள் ஓடியதாம். நீ கேட்ட பக்கத்துப் பக்கம் அதுதானே? எதிர்வீட்டு ராஜாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கே போகமாட்டாள். இப்போது என்னோடு சேர்ந்து முதுநகர் முழுக்க நடந்து ஆயுள்மணி விற்கிறாள். கண்ணால் பார்ப்பதை இல்லை என்பாயா?

சொன்னவருக்கு லாபம் உண்டா என்றாயே, கேட்கிறேன் கேட்டுக்கொள். உன் கடையில் உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு நேரே உள்ள அலமாரித் தட்டில் என்ன இருக்கிறது? மீன் எண்ணெய், முடி வளரும் மாத்திரை, எலும்புக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று. அதையெல்லாம் எந்த எலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு விற்கிறாய்? வெள்ளைக் கோட்டுக்காரி விற்றால் மருந்து, அஞ்சாம் வகுப்பு விற்றால் ஏமாற்றா?

ரத்தப் பரிசோதனையை அவருடைய டாக்டர் பார்த்துக்கொள்கிறார். அதெல்லாம் உனக்கு எதற்கு?

காலையில் அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அந்த இரும்பு வால்வு டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். அவருக்கே கேட்காது, எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு நீ பாடம் எடுக்கிறாய்.

தீர்ந்த டப்பா ஒன்றை லூர்துசாமியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலி டப்பாவுக்கெல்லாம் லக்கேஜ் போடணுமா?" என்றார். படித்துப் பார். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

பட்டம்மாள்


சிதம்பரம்
29-5-2025

அண்ணி,

டப்பாவை வாங்கி, பஸ் கிளம்புவதற்குள் படித்துவிட்டேன். லூர்துசாமி அண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன்.

பின்பக்கம் பொடி எழுத்தில், அடியிலிருந்து மூன்றாவது வரியில் வைட்டமின் கே என்று இருக்கிறது. கீரையில் எது இருப்பதால் நீங்கள் கிண்ணம் வைத்து அளக்கிறீர்களோ, அதே பொருள். அதைப் பிரித்து எடுத்து அடைத்திருக்கிறார்கள். மாசியிலிருந்து அண்ணனுக்குத் தினமும் கிண்ணத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. வால்வில் ரத்தம் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இன்றோடு நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதைச் சாக்கடையில் கொட்டுங்கள்.

அந்த டிக் டிக் எப்படிக் கேட்கிறது? தெளிவாகக் கேட்கிறதா, துணி போட்டு மூடின மாதிரிக் கேட்கிறதா? மூடினமாதிரி என்றால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என் கடைத் தட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. இப்போது நேரமில்லை.

சௌந்தரம்


கடலூர் முதுநகர்
8-6-2025

சௌந்தரத்துக்கு,

நிறுத்திவிட்டேன். நீ மிரட்டினாய் என்று இல்லை, கீரை என்று எழுதினாயே, அதற்காக. டப்பாவைக் கொட்டிய இடத்தில் ராஜாமணி நின்று, "என்னாக்கா, பொன்னாட்டம் இருந்ததக் கொட்டிட்டியே" என்றாள். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அவள் தன்னுடையதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

சத்தம் தெளிவாகத்தான் கேட்கிறது. கீரையைக் கீழே வைத்துவிட்டுக் காதை நெஞ்சிலேயே வைத்துக் கேட்டேன். "என்னடி, வயசுப் பொண்ணாட்டம்" என்று சிரிக்கிறார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் உன்மேல் கோபம் போகவில்லை. அந்தத் தலைசுற்றல் நின்றதெல்லாம் பொய்யா? எனக்கு நின்றதே. அதற்கு என்ன சொல்வாய்? எதுவும் வேலை செய்யவில்லை என்று கடையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது லேசு.

மற்றபடி இங்கே பலாப்பழ வாசம். பண்ருட்டியிலிருந்து சம்பந்தி வீட்டில் ஒரு முழுப்பழம் அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லியும் உன் அண்ணன்தான் தூக்கி உள்ளே வைத்தார். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் நீலமாய் நிற்கிறது. முந்தாநாள் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, புது பிரஷ் முரடாக இருக்கிறது. பழைய பிரஷ்ஷையே கொடுத்துவிட்டேன்.

உனக்கு இரண்டு சுளை அனுப்பலாம் என்றால் லூர்துசாமி பஸ்ஸிலேயே தின்றுவிடுவார்.

பட்டம்மாள்


சிதம்பரம்
9-6-2025

அண்ணி,

போன் போகிறது, எடுக்கவில்லை. அண்ணன் தூங்குகிறாரா, பையிலேயே அடிக்கிறதா தெரியவில்லை. நான் கடையை அடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இது முன்னால் போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் காப்ஸ்யூல் ஆரம்பித்த பிறகு அண்ணனுடைய மாத்திரையை டாக்டர் கூட்டினாரா? கூட்டினார் என்றால், காப்ஸ்யூல் இல்லாத உடம்பில் இப்போது அந்த மாத்திரை தனியாக நின்று ரத்தத்தை அளவுக்கு மேல் தண்ணியாக்குகிறது. கன்றினது பலாப்பழத்தால் இல்லை. ஈறில் வந்தது பிரஷ்ஷால் இல்லை.

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கவேண்டாம். ஆட்டோ கூப்பிடுங்கள்.

சௌந்தரம்


கடலூர் முதுநகர்
22-6-2025

சௌந்தரத்துக்கு,

வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கு ஒரு முனை. நீ இட்லிப் பொட்டலத்தை நடுவில் வைத்தாய். நான் எடுத்துக்கொண்டேன். அதுக்கு மேல் நாம் பேசவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

லூர்துசாமி உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது உன் அண்ணன் முகம் கழுவுகிற இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு முழுக்கச் சிவப்பு. "சூடு, ஒன்னும் இல்ல" என்றார். லூர்துசாமிதான் தெருமுனை ஆட்டோவை விசிலடித்துக் கூப்பிட்டார்.

ஆமாம், கூட்டினார்கள். சித்திரையில் ரத்தம் பார்த்துவிட்டு, "உறையிற மாதிரி போவுதே, என்னா சாப்பிடுறாரு?" என்று டாக்டர் கேட்டார். கீரை கிண்ணத்துக்கு மேல் போகவில்லை என்று மார்தட்டிச் சொன்னேன். காப்ஸ்யூலைப் பற்றிச் சொல்லவில்லை. அது மருந்தா என்ன, சத்துதானே என்று நினைத்தேன். அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். நீ ரத்தப் பரிசோதனையைக் கேட்டபோதும் எழுதவில்லை. எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

நீ வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நீ அங்கே இல்லாமல் போனது நல்லதாயிற்று.

அந்த வார்டு டாக்டர் சின்னப் பெண். வந்தவுடன், "வேற என்னா மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

உன் அண்ணன் முந்திக்கொண்டு, "ஒன்னும் இல்லம்மா, இவ கீரையக்கூட அளந்துதான் போடுவா" என்றார். மூக்கில் பஞ்சு, குரலில் பெருமை. எனக்காகச் சொல்கிறார்.

நான் டாக்டர் பக்கம் குனிந்து மெதுவாய்ச் சொன்னேன்.

"ஏண்டி, என்ன சொல்ற? எனக்குக் கேக்கல" என்றார்.

"ஒன்னுமில்ல, நீங்க படுங்க."

"டாக்டரம்மா மூஞ்சி மாறுது, ஒன்னுமில்லங்கிற. சத்தமா சொல்லுடி!"

சொன்னேன். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். "உங்களுக்குக் குடுத்தனே ஆயுள்மணி, அதுல கீரைச் சத்து இருக்குதாம்! அதுக்காவ மாத்திரைய ஏத்திட்டாங்க! இப்ப நான் அத நிறுத்திட்டேன், ஆனா ஏத்தினது ஏத்தினபடி இருக்குது! யார்ட்டயும் சொல்லல!" என்று அத்தனையும் கத்தினேன். பக்கத்துப் படுக்கைப் பாட்டி தலையைத் தூக்கி, "யாரு சொல்லல?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்று அவளுக்கும் சொன்னேன்.

அவர் மூக்குப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அதான் மூக்குல வருதா? நான் பலாப்பழம்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு நர்ஸ் ஒரு மருந்து கொண்டுவந்தாள். என்ன என்று கேட்டேன். வைட்டமின் கே என்றாள். சௌந்தரம், நர்ஸ் கையைத் தடுத்துவிட்டேன். டாக்டரைப் பிடித்து, "இது அதேதானேம்மா?" என்றேன்.

"அதேதாம்மா. ரத்தம் எவ்ளோ தண்ணியா இருக்குன்னு பாத்துட்டு, துளியூண்டு குடுக்கிறோம். குடுத்துட்டுத் திரும்பப் பாப்போம். ஜாஸ்தியானா வால்வுல கட்டிக்கும். நீங்க குடுத்தது எவ்ளோன்னு உங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல" என்றாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. கிண்ணத்துக்கும் அதுதான் காரணம். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது.

அவர் தேறிவிட்டார். இப்போதைக்கு வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். டிக் டிக் கேட்கிறது.

பட்டம்மாள்


சிதம்பரம்
25-6-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் வந்தது. உள்ளே வரக் கால் வரவில்லை. கீழே போய் இட்லி வாங்கிக்கொண்டு, அப்போதுதான் வருகிறமாதிரி வந்தேன்.

கால் வராததற்குக் காரணம் வேறு. கொட்டுங்கள் என்று எழுதியது நான். மாத்திரை அளவு மாறியதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். படித்ததே அதற்குத்தான். உங்களைத் தோற்கடிக்கிற அவசரத்தில் பாதி வாக்கியத்தோடு பஸ் ஏற்றிவிட்டேன். நீங்கள் மறைத்தீர்கள், நான் கேட்கவில்லை. அண்ணன் நடுவில் ரத்தம் சிந்தினார்.

உங்கள் தலைசுற்றலுக்கும் பதில் சொல்கிறேன். பொய் என்று சொல்லமாட்டேன். தலைசுற்றல் வரும், போகும். போன நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். ராஜாமணி அக்கா முழங்கால் சரியானது காப்ஸ்யூலாலா, அதை விற்பதற்கு ஊர் முழுக்க நடந்ததாலா? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எலிக்கு ஆயுள் கூடினால் எலிக்குக் கூடியது. மனுஷருக்குக் கூடியதென்று காட்ட, இரும்பு வால்வு வைத்தவரையும் சேர்த்து ரொம்பப் பேரை ரொம்ப வருஷம் பார்க்கவேண்டும். மேடையேறிச் சொன்னவர்களைப் பார்த்தீர்கள். சாப்பிட்டும் குணம் காணாதவர்களை யார் மேடையேற்றுவார்கள்?

கடைத் தட்டு. உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சத்துக் குறைவு என்று டாக்டர் பார்த்துச் சொன்னவர்களுக்கு, வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கு இரும்புச் சத்து மாதிரி, அது மருந்துதான். அதை விற்பேன். மிச்சத்தை எதற்கு விற்கிறேன் என்றால், கேட்கிறார்கள், விற்கிறேன். கண்ணுக்கு நேரே இருந்த தட்டைக் காலி செய்து உள்ளே வைத்துவிட்டேன். கேட்டு வருகிறவரிடம், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் எடுக்கிறேன். நேற்று ஒருத்தர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

தெருவில் மற்றவர்களிடம் சொன்னீர்களா அண்ணி?

சௌந்தரம்


கடலூர் முதுநகர்
28-6-2025

சௌந்தரத்துக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ராஜாமணி. "டாக்டர்கிட்ட காட்டாம இனிமே சாப்பிடாத. வேற மாத்திர இருந்தா அதையும் சொல்லு" என்றேன். அவள், "உனக்குச் சால்வ போத்துனப்ப இது தெரியலியாக்கா?" என்றாள். நாக்கைப் பிடுங்குகிற கேள்வி. தெரியவில்லை என்றேன். முழங்கால் கொஞ்சம் முறுக்கத்தான் செய்கிறதாம், நடந்தால் மறந்துபோகிறதாம்.

பிறகு வீடு வீடாய்ப் போனேன். விற்கப் போன வீடு அத்தனைக்கும். நீ எழுதியதையே கேட்டேன், சாப்பிட்டும் குணம் காணாதவர்கள் யார் என்று. மீன் ஏலத்துக்குப் போகிற மாலதிதான் ஆரம்பித்தாள். "எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துதும்மா. ரெண்டு வாரத்துல நிறுத்திட்டேன்" என்றாள். "அன்னிக்கு நல்லா இருக்குன்னியேடி?" என்றேன். "நீங்க ஆசையா கேட்டீங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?" அவள் சொன்னதும் பக்கத்து வீட்டில் ஒருத்தி, அடுத்த தெருவில் இரண்டு பேர். ஒருத்தி டப்பாவைத் திறக்கவே இல்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எல்லாரும் எனக்காகத்தான் நல்லா இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். என் முகத்துக்காக. அதையெல்லாம் சேர்த்துத்தான் நான் மேடையில் போய்ச் சொன்னேன்.

கம்பெனிப் பையன் வந்தான். அடுத்த கூட்டம் சிதம்பரத்தில், உன் அண்ணனோடு மேடைக்கு வாருங்கள், வால்வு வைத்தவரே நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் நல்லது என்றான். உன் அண்ணனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "வரேன் தம்பி, ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரில இவ கத்துனத மைக்குல கத்தச் சொல்லு" என்றார். பையன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

நீ வாசலில் நின்று கேட்டது எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். உள்ளே வந்திருந்தால் நான் பாதியில் நிறுத்தியிருப்பேன். உன்னைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு பேச வந்திருக்காது. நின்றதே நல்லது.

திருமஞ்சனத் தேர்க் கூட்டம் அடங்கின பிறகு இரண்டு பேரும் சிதம்பரம் வருகிறோம். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முருங்கைக்கீரை வதக்கு. அவர் இப்போதே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

லூர்துசாமியிடம் அந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அது இந்த அடுப்படியை விட்டு வெளியே போனதில்லை. அவருக்கு அதன் விளிம்பு மட்டம்தான், கோபுரமாய்க் குவிக்காதே. நீயே அளந்து, நீயே போடு. நான் தட்டுப் பக்கம் வரமாட்டேன்.

பட்டம்மாள்